பொறிகள் ஆடும் உதைபந்தாட்டம்

1997ஆம் ஆண்டு மே மாதத்தில் நியூயோர்க் நகரிலே ஒரு சதுரங்கப் போட்டி நடைபெற்றது. உலக வீரராய் விளங்கிய கரி கஸ்பரோவ் ஒருபுறம், ஐ.பி.எம். நிறுவனத்தார் ஆக்கிய 'டீப் புளூ' என்னும் கணினி மறுபுறம். ஆறு ஆட்ட முடிவில், மூன்றரைக்கு இரண்டரை என்ற கணக்கிற் கணினி வென்றது. செய்தி உலகெங்கும் பரவிற்று. அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் யப்பானிய நகரமாகிய நகோயாவில் மற்றொரு போட்டி நிகழ்ந்தது. ஐயாயிரத்துக்கு மேற்பட்டோர் அதனைக் கண்டனர். எனினும், நம் நாட்டில் அதுபற்றிப் பேசுவாரை யான் அரிதாகவே காண்கின்றேன். சில்லுப் பூட்டிய பொறிகள் பந்தைத் தேடி அங்குமிங்கும் அலைந்தன. பந்து கிடக்கும் இடம் தெரியாமற் பல வேளைகளில் நின்றுவிட்டன. நடுத்தர அளவுப் பொறிகளுக்கான பரிசை ஒசாகா சர்வகலாசாலையாரும் தென் கலிபோர்னியா சர்வகலாசாலையாரும் பகிர்ந்துகொண்டனர். 'றோபோகப்' என்னும் உலகப் போட்டியின் முதலாண்டு அது.

சதுரங்க வெற்றி பெரிதா, பந்தைத் தேடி நின்ற பொறிகளின் தடுமாற்றம் பெரிதா என்று கேட்டால், நகைப்புக்கு இடமான வினாவென்றே பலர் கருதுவர். யான் அவ்வாறு கருதவில்லை. சதுரங்கப் பலகையில் எல்லாக் காயும் எல்லார் கண்ணுக்கும் தெரியும். ஒருவன் நகர்த்தி முடிக்கும்வரை மற்றவன் காத்திருப்பான். குதிரையை வைத்த கட்டத்திலே குதிரை நிற்கும், சறுக்கி விழாது. ஆடுபவனுக்குத் துணைவர் இல்லை. ஆதலால் துணைவர் மனத்தை அறியவேண்டிய கடப்பாடும் இல்லை. உதைபந்தாட்டத்தில் இவற்றுள் ஒன்றேனும் உண்டா? பந்து உருண்டுகொண்டே இருக்கும். முதுகுப்புறம் நிகழ்வது கண்ணுக்குத் தெரியாது. உதைத்த பந்து நினைத்த இடத்துக்குச் செல்லும் என்ற உறுதி இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, பதினொருவர் வேறு வேறு தலைகளோடு ஒரே எண்ணத்தை எண்ணவேண்டும்.

தமிழ் கற்பிக்கும் பண்டிதனுக்கு இதில் என்ன வேலை என்று வாசகர் வினவக்கூடும். விஞ்ஞானம் பயிலும் மாணவன் ஒருவன், இப்பொறிகளைக் குறிக்கத் தமிழில் என்ன சொல் வழங்கலாம் என்று கேட்டு வந்தான். அவனுக்கு விடை கூறப் புகுந்தபோதே இத்துறை என்னைப் பற்றிக்கொண்டது. 'றோபோ' என்ற சொல்லை உலகுக்குத் தந்தது, செக் நாட்டு ஆசிரியர் கரெல் சாப்பெக் 1920இல் வெளியிட்ட நாடகம். அம்மொழியிற் கட்டாய ஊழியத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து அது பிறந்தது. நம்மிடமோ 'பொறி' என்ற சொல் உண்டு. யந்திரமும் பொறி, கண், காது முதலிய புலன் வாயில்களும் பொறி. கண்ணுள்ள யந்திரத்துக்கு இதனினும் பொருத்தமான பெயர் வேறெம்மொழியில் உண்டோ யான் அறியேன்.

பழைய நூல்களிலும் பொறிகள் உண்டு. சீவகசிந்தாமணியில் விசயை மயிற்பொறி ஏறிச் செல்கின்றாள். பெருங்கதையில் உதயணனைச் சிறைப்பிடிக்க யானைப்பொறி வருகின்றது. ஆனால் மயிலைச் செலுத்தியவள் விசயை. யானையின் உள்ளே வீரர் ஒளிந்திருந்தனர். இன்றைய பந்தாட்டப் பொறிக்குள் ஆளில்லை. வெளியே நின்று செலுத்துவாரும் இல்லை. ஆட்டம் தொடங்கியபின் அதனை ஆக்கியவர் ஓரத்தில் நின்று பார்ப்பதன்றி வேறொன்றும் செய்யலாகாது. இவ்விதியே இப்போட்டிக்கு உயிர்.

பொறிகளை உதைபந்தாட்டம் ஆடச்செய்யலாம் என்ற கருத்தைக் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா சர்வகலாசாலைப் பேராசிரியர் அலன் மக்வேர்த் 1992இல் வெளியிட்டார். அதே காலத்தில் யப்பானிய அறிஞரும் இதனையே சிந்தித்துக்கொண்டிருந்தனர். மினோரு அசாடா, யசுவோ குனியோஷி, ஹிரோவாக்கி கிடானோ என்போர் 1993இற் போட்டி ஒன்றை அமைக்க முடிவு செய்தனர். அவர்கள் வகுத்த குறிக்கோள் துணிவு மிக்கது: இருபத்தோராம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள், தாமே இயங்கும் மனித வடிவப் பொறிகளின் அணி ஒன்று, அண்மையில் உலகக் கிண்ணம் வென்ற மனித அணியை, உலக உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் விதிகளுக்கு அமைய வெல்லவேண்டும் என்பதே அது.

போட்டியிற் பல பிரிவுகள் உள. எல்லாவற்றையும் ஈண்டு விரிப்பின் பெருகும். இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். சிறு பொறிகளின் பிரிவில், 18 சென்ரிமீற்றர் குறுக்களவுக்கு உட்பட்ட உருளைகள் கோல்ப் பந்தை உதைத்து ஆடுகின்றன. மைதானத்துக்கு மேலே கமராக்கள் தொங்கும். அவை காண்பதைக் கொண்டு, வெளியேயுள்ள கணினி ஓரணியின் பொறிகள் அனைத்துக்கும் கட்டளை அனுப்பும். மிக விரைவான, கண்ணுக்கினிய ஆட்டம். ஆயினும் அங்கே மனம் ஒன்று, உடல் பல. இராவணனுக்குத் தலை பத்து இருந்தும் எண்ணம் ஒன்றாயிருந்தது போல.

மற்றது கணினித் திரையுள்ளே நிகழும் கற்பனை ஆட்டம். இதற்கான மைதானத்தைக் கணினிக்குள் அமைத்தவர் இட்சுக்கி நோடா என்னும் யப்பானியர். இங்கே உடல் இல்லை, மனங்கள் உண்டு. ஓரணியில் ஆடும் பதினொருவரும் பதினொரு தனித்தனி நிரல்கள். ஒருவனுடைய எண்ணம் மற்றவனுக்குத் தெரியாது. ஒருவனுக்குத் தெரியும் காட்சியும் முழுமையானதன்று. அகலப் பார்த்தால் அடிக்கடி பார்க்க இயலாது. அடிக்கடி பார்க்க வேண்டின் ஒடுங்கப் பார்க்கவேண்டும். தொலைவிலுள்ளது பிழைபடத் தோன்றும். ஓடினாற் களைப்பு உண்டு. பத்து நிமிட ஆட்டம் 6,000 சிறு கணங்களாக வகுக்கப்பட்டுள்ளது, கணந்தோறும் முடிவெடுக்கவேண்டும். தோழனுக்கு ஏதேனும் சொல்ல விரும்பினால் ஒருமுறைக்குப் பத்தே எழுத்துகள், அதுவும் ஆங்கில நெடுங்கணக்கில். ஐம்பது மீற்றருக்கு அப்பால் நிற்பவனுக்கு அதுவும் கேளாது.

பத்து எழுத்து! ஏழு சீரிலே உலகை அடக்கினார் வள்ளுவர் என்று வியக்கும் நாம், இதற்கு என்ன சொல்வது?

எங்கள் கல்லூரி மைதானத்திலே மாலையிற் பையன்கள் ஆடுவதை யான் பார்ப்பதுண்டு. ஒருவன் 'விடு!' என்று கத்துகின்றான். இரண்டே எழுத்து. பந்தைத் தொடாமல் விடு என்பதா, எனக்கு விடு என்பதா, எதிராளியைப் போகவிடு என்பதா? வகுப்பறையில் இச்சொல்லை எழுதிப் பொருள் கேட்டால் அரைமணி நேரம் செல்லும். மைதானத்தில் அரைக் கணத்தில் அவனுடைய தோழன் பொருள் உணர்ந்து காலை விலக்குகின்றான். பின்னால் வந்தவன் பந்தை எடுத்துச் செல்கின்றான். சொல் இரண்டெழுத்தே, அதற்குப் பொருளைத் தந்தது அவர்கள் நாள்தோறும் சேர்ந்தாடிய பழக்கம்.

பொறிகளுக்கு இப்பழக்கத்தை எங்ஙனம் ஊட்டுவது? அமெரிக்காவின் கார்னெகி மெலன் சர்வகலாசாலையைச் சேர்ந்த பீற்றர் ஸ்ரோன், மனுவேலா வெலோசோ என்னும் இருவர் ஒரு வழி கண்டனர். 'உடைமாற்றும் அறையின் உடன்பாடு' என்று அதற்குப் பெயரிட்டனர். ஆட்டத்துக்கு முன், அணியினர் ஆறுதலாகக் கூடியிருந்து பேசக்கூடிய காலம் ஒன்று உண்டு. ஆட்டம் தொடங்கிவிட்டாற் பேச நேரமில்லை. ஆதலின் எந்த நிலையில் எந்த வியூகம், யார் எவ்விடம், எக்குறிப்புக்கு என்ன பொருள் என்பனவற்றை முன்னரே வகுத்து ஒவ்வொருவருக்குள்ளும் பதித்துவிடவேண்டும். பின்னர் இன்னான் பின்களம், இன்னான் முன்களம் என்ற கட்டும் இல்லை. இடத்துக்கு ஏற்ப ஒருவன் பணியை மற்றவன் ஏற்கலாம். 1998இற் பாரிஸ் நகரில் நடந்த கற்பனை ஆட்டப் பிரிவில் அவர்களுடைய அணி 66 கோல்கள் போட்டது, ஒன்றையேனும் வாங்கவில்லை.

இவ்வுடன்பாட்டைப் பற்றிப் படித்தபோது எனக்கு நினைவில் எழுந்தது இலக்கணம். மொழியும் இத்தகைய முன்னுடன்பாடே அன்றோ? நாம் பேசத் தொடங்கு முன்னரே, நம் முன்னோர் அறையிற் கூடியிருந்து முடிவு செய்தாற் போல, எச்சொல்லுக்கு எப்பொருள், எவ்வேற்றுமை எங்கு வரும் என்பன அமைந்து கிடக்கின்றன. அதனாலேதான் குறைத்துச் சொல்லியும் நிறைத்து உணர்கின்றோம். குறிப்பாற் பொருள் உணர்தலை நம் இலக்கணகாரர் தனியே எடுத்து ஆராய்ந்தனர். திருக்குறள் குறிப்பறிதல் என்ற தலைப்பிலே பொருட்பாலில் ஒன்று, காமத்துப்பாலில் ஒன்று என இரண்டு அதிகாரம் வகுத்தது. அமைச்சனுக்கும் காதலனுக்கும் வேண்டப்பட்ட அதே ஆற்றல் பந்தாடுவோனுக்கும் வேண்டும் என்பதைப் பொறியியலாளர் இன்று கண்டுள்ளனர்.

உடலுள்ள பொறிகளின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அரை மீற்றருக்குச் சிறிது மேற்பட்ட உயரமுடைய 'நாவோ' என்ற பொறிகள் 2008ஆம் ஆண்டு முதல் ஒரு பிரிவில் ஆடிவந்தன. எல்லா அணியும் ஒரே வகைப் பொறியையே பயன்படுத்தவேண்டும். வேறுபாடு அறிவில் மட்டுமே. தொடக்கத்தில் இரண்டு கோல்களுக்கும் வெவ்வேறு நிறம் இருந்தது. 2012இல் இரண்டையும் மஞ்சளாக்கினர். விழுந்தெழுந்த பொறி எப்பக்கம் தன் பக்கம் என்று மயங்கித் தன் கோலை நோக்கியே பந்தை உருட்டும் ஆபத்து உண்டாயிற்று. பின்னர் கோல்கள் வெண்மையாயின; பந்தும் செந்நிறம் நீங்கிக் கறுப்பு வெள்ளையாயிற்று. 2022இல் மற்றொரு விதி வந்தது: ஓரணி ஓர் ஆட்டத்தில் தனக்குள் அனுப்பிக்கொள்ளும் செய்திகள் 1,200க்கு மேற்படலாகாது. ஆண்டுதோறும் ஆட்டத்தை இவ்வாறு கடினமாக்கிக்கொண்டே செல்கின்றனர். மாணவன் தேறியவுடன் வினாத்தாளைக் கடினமாக்கும் ஆசிரியர்போல.

இனி, விதியாற் கற்பிப்பதா, பயிற்சியாற் கற்பிப்பதா என்ற வழக்குக்கு வருவோம். இஃது இலக்கண ஆசிரியருக்குப் பழகிய வழக்கு. நன்னூலைக் கற்றுத் தமிழ் பேசத் தொடங்கிய குழந்தை எங்கும் இல்லை. முற்காலப் பந்தாட்டப் பொறிகளுக்கு, பந்து அண்மையில் இருப்பின் இது செய், சேய்மையில் இருப்பின் அது செய் என்று ஆக்கியோர் விதி எழுதினர். விதிகள் பெருகின, விதிக்கு அடங்காத நிலைகள் அவற்றினும் பெருகின. ஆகவே பொறி தானே முயன்று, தவறித் திருந்திக் கற்கும் முறை மேலோங்கிற்று. 2011இல் இஸ்தான்புல் நகரில், டெக்சாஸ் சர்வகலாசாலையின் ஒஸ்ரின் அணி இம்முறையாற் பெற்ற நடையோடு முப்பரிமாணக் கற்பனை ஆட்டத்தில் இறங்கியது. 24 ஆட்டங்களிலும் வென்றது. போட்டது 136 கோல், வாங்கியது ஒன்றுமில்லை. 2024இல் 'டீப்மைண்ட்' நிறுவனத்தார் வெளியிட்ட ஆய்வில், சிறு மனிதப் பொறி ஒன்று பயிற்சியாற் கற்ற நடை, விதியெழுதி ஆக்கிய நடையினும் 181 வீதம் விரைவாயிருந்தது. விழுந்தெழ எடுத்த நேரம் 63 வீதம் குறைந்தது. ஆயினும் அஃது ஒருவனோடு ஒருவன் ஆடிய ஆட்டம்.

இதற்கு முன், 2022இல் அந்நிறுவனத்தாரே இருவருக்கு இருவராகக் கற்பனை வீரரை ஆடவிட்டு வெளியிட்ட ஆய்வே என் மனத்தை அதிகம் கவர்ந்தது. அவ்வீரர்கள் தொடக்கத்திற் பந்துக்குப் பின்னேயே ஓடினர். பயிற்சி பெருகப் பெருக, தோழன் ஓடும் இடம் பார்த்துப் பகிர்ந்தாடும் இயல்பு அவர்களிடம் தோன்றிற்று. பகிர்ந்தாடு என்று எவரும் விதி எழுதவில்லை. பாலர் வகுப்புப் பிள்ளைகள் ஈக்கூட்டம்போலப் பந்தை மொய்ப்பதையும், நான்கு ஆண்டு கழித்து அவர்களே பரந்து நின்று ஆடுவதையும் கண்ட ஆசிரியர் எவரும் இதனை உடனே விளங்கிக்கொள்வர்.

இத்துறையினரின் பண்பு ஒன்றையும் சொல்லாமல் அப்பாற் செல்ல மனம் ஒப்பவில்லை. 2000ஆம் ஆண்டு மெல்பேண் நகரில், நியூ சவுத் வேல்ஸ் சர்வகலாசாலை மாணவர் நாய் வடிவப் பொறிகளை முன்னங்கை மண்ணிற் படியத் தாழ்த்தி நடக்கவைத்து வென்றனர். அடுத்துவந்த ஆண்டுகளில் மற்றைய அணிகளின் நாய்களும் முழங்கை ஊன்றின. வென்ற அணியே தன் நிரலை வெளியிட்டுவிடும் வழக்கம் இங்கே வேரூன்றியுள்ளது. ஜேர்மனியின் பிறேமன் நகர அணி பலமுறை வென்றது. வென்றும் தன் நிரலை ஊரறியக் கொடுத்தது. அடுத்த ஆண்டு எதிரி அதே நிரலோடு வருவான் என்பதை அறிந்தே கொடுத்தது. ஏடுகளைப் பெட்டியிற் பூட்டி, கேட்டவருக்கும் காட்டாது, செல்லுக்கு இரையாக்கிய குடும்பங்களை நம்மிடையே யான் நினைத்துக்கொண்டேன்.

முன்னுடன்பாடு உள்ள அணி வெல்லும் என்பது விளங்கிற்று. உடன்பாடே இல்லாத அந்நியரோடு ஆட நேர்ந்தால்? 2013இல் ஒல்லாந்தின் ஐந்தோவன் நகரில் இதனையும் சோதித்தனர். வெவ்வேறு நாட்டு அணிகளிலிருந்து ஒவ்வொரு பொறியாக எடுத்து, ஒன்றையொன்று முன்பின் அறியாத கூட்டம் ஒன்றை மைதானத்தில் இறக்கினர். ஒன்றின் பழக்கம் மற்றதற்குத் தெரியாது. நாவோ பொறிகளின் ஆட்டத்தில் நடுவர் அமர்ந்து, எப்பொறி தோழனுக்கு இடங்கொடுத்தது, எது பந்தைப் பகிர்ந்தது என்று பார்த்துப் புள்ளி இட்டனர். தன் அணியிற் சிறந்து விளங்குவது ஒரு திறம். புதியவனின் போக்கைச் சில நிமிடத்திற் கண்டு, அதற்குத் தன்னை இசைத்துக்கொள்வது வேறொரு திறம். என் மதிப்பில், கஸ்பரோவை வென்ற திறத்தினும் இது உயர்ந்தது. இன்னும் முற்றக் கைவராதது.

இவ்விடத்தில் என் மனக்குறை ஒன்றைச் சொல்லிவிடுகின்றேன். முப்பது ஆண்டுக்கு மேலாக, அறிஞர் பெரும்பொருள் செலவிட்டு, யந்திரத்துக்குப் புகட்ட முயலும் இவ்வாற்றலை நம் பிள்ளைகள் மாலை வேளையிற் காசின்றிப் பெற்றுவந்தனர். யான் முன்னர்க் கடமையாற்றிய ஊர் ஒன்றில் நான்கு மணிக்கு மைதானம் நிறைந்திருக்கும். பின்னர் அவ்வேளைக்குத் தனியார் வகுப்புகள் வந்தன. ஐந்தாம் வகுப்புப் பையனும் புத்தகப் பையோடு சைக்கிளில் ஓடினான். அங்கே நூறு பேர் ஒரே வாங்குகளில் நெருங்கி இருப்பர். ஒருவன் மற்றொருவனோடு சேர்ந்து செய்யும் செயல் ஒன்றும் இல்லை. பெற்றோரிடம் பேசினேன். புள்ளி குறைந்தால் நீரா பொறுப்பு என்று கேட்டனர். அவ்வினாவுக்கு விடை கூறல் எளிதன்று. மைதானத்திற் புல் முழங்காலளவு வளர்ந்தது.

விளையாட்டுக்காக இவ்வளவு முயற்சியோ என்பாருக்கும் விடை உண்டு. 1995ஆம் ஆண்டு சனவரி 17ஆம் நாள் கோபே நகரை அழித்த பூகம்பத்தில் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அத்துயரம் தூண்ட, இடிபாடுகளுள் உயிரோடிருப்போரைத் தேடும் பொறிகளுக்கான போட்டியும் 2001 முதல் றோபோகப்பில் இடம்பெற்றது. சிறு பொறிப் பிரிவிற் பலமுறை வென்ற கோர்ணெல் சர்வகலாசாலை அணியை நடத்திய றபாயெல்லோ டி'அன்ட்ரேயா, பின்னர் 'கீவா' என்னும் நிறுவனத்தை ஆக்கியோருள் ஒருவரானார். பண்டசாலைகளிற் பொருள் நிறைந்த தட்டுகளைச் சுமந்து, ஒன்றோடொன்று மோதாமல் ஓடும் பொறிகள் அந்நிறுவனத்தின் ஆக்கம். 2012இல் அமேசன் நிறுவனம் அதனை 77½ கோடி டொலருக்கு வாங்கிற்று. பண்டசாலையில் வேலை செய்த மனிதர் கதை தனியே எழுதவேண்டியது.

2025ஆம் ஆண்டு யூன் மாதத்தில் பீக்கிங் நகரில் மூவருக்கு மூவராக மனித வடிவப் பொறிகள் ஆடின. சிங்குவா சர்வகலாசாலை அணி ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் வென்றது. விழுந்த பொறிகள் சில தாமே எழுந்தன. இரண்டைத் தூக்குப் படுக்கையில் ஏற்றிக் கொண்டுசென்றனர். நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு இன்னும் கால் நூற்றாண்டு உண்டு. அவ்வாண்டின் உலகக் கிண்ண வீரருட் பலர் இன்று தொட்டிலில் இருப்பர். சிலர் பிறந்திருக்கவும் மாட்டார்.

அவர்கள் அந்த ஆட்டத்துக்கு இசைவரா என்பதும் ஒரு வினாவே. உலகச் சம்மேளனத்தின் விதிப்படி, எதிராளியின்மேல் அடாவழியிற் பாய்வது குற்றம். மத்தியஸ்தர் சிவப்பு அட்டை காட்டுவார். இரும்பும் மோட்டாருமான, ஆள் நிறையுள்ள ஓருடல் முழு வேகத்தில் வந்து மனிதன் முழந்தாளில் மோதினால், அட்டை காட்டி ஆவது என்ன? ஆகவே, அப்பொறி கோல் போடக் கற்றாற் போதாது. தன் நிறையை அறியவேண்டும். எதிரே நிற்பவன் எலும்பும் தசையுமானவன் என்பதை அறியவேண்டும். பந்து தன் காலுக்கு எட்டும் தூரத்தில் இருந்தும் ஒதுங்கவேண்டிய கணம் எது என்பதை அறியவேண்டும். தோழனது குறிப்பை அறிவிக்கவே முப்பது ஆண்டு போயிற்று. பீக்கிங்கில் தடுமாறி விழுந்த பொறிகளோ, தோழன்மேல் விழுகின்றோமா எதிராளிமேல் விழுகின்றோமா என்று பார்த்து விழவில்லை.